தரை ஓடுகள் ஏன் பெயர்கின்றன? வீட்டுத் தரையின் வரலாறு

வீட்டுத் தரையில் பதித்த பீங்கான் ஓடுகள் சில ஆண்டுகள் கழித்து அடித்தளத்தின் பிடியிலிருந்து விடுபடுவதைப் பேச்சுவழக்கில் 'டைல்ஸ் பெயர்ந்துவிட்டது' என்கிறோம். சில வீடுகளில் ஓட்டின் மீது நடக்கும்போது உள்ளே காலியாக இருப்பது போன்ற ஒலி கேட்கும். சில வீடுகளில் ஓடு லேசாக ஆடும். வேறு சிலவற்றில் பட்டாசு வெடித்தது போன்ற சத்தத்துடன் இரண்டு ஓடுகள் கூரை வடிவில் எழும்பி நிற்கும். பார்ப்பவர்கள் உடனே சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'கொத்தனார் சரியாகப் போடவில்லை.'

நானும் அப்படித்தான் சொன்னேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து வீடு கட்டினோம். ஒன்பதாம் ஆண்டு மார்கழியில், விடியற்காலை கோலம் போட எழுந்திருந்தபோது கூடத்தில் பெரிய சத்தம். எரிவாயு உருளை வெடித்துவிட்டது என்று நினைத்து என் கணவர் ஓடி வந்தார். கூடத்தின் நடுவே நான்கு ஓடுகள் எழும்பி நின்றன. அன்றே எங்கள் மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்து, பேசக்கூடாத அளவுக்குப் பேசிவிட்டேன். அதோடு நிற்காமல், வீடு கட்டவிருந்த இரண்டு உறவினர்களிடமும் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான், தவறு ஒருவருடையது மட்டுமல்ல என்று புரிந்தது. அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் தரை கடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

மண் தரையும் சுண்ணாம்புத் தரையும்

நம் ஊர்களில் மிகப் பழமையான தரை மண் தரைதான். மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே சாணம் மெழுகினார்கள். இந்தத் தரை பெயர்வதில்லை. அது பூமியோடு ஒரே உடலாக இருந்ததால் பெயர்வதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை. வெடிப்பு விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை மெழுகும்போது மூடிவிடும். வீட்டுப் பெண்களின் ஓயாத உழைப்புதான் அந்தத் தரையின் பராமரிப்புச் செலவு.

வசதியுள்ளவர்கள் செங்கல் பரப்பி அதன் மேல் சுண்ணாம்புக் கலவை பூசினார்கள். சுண்ணாம்புடன் மணலும் செங்கல் பொடியும் சேர்த்து அரைத்தார்கள். கடுக்காய் ஊறவைத்த நீரும் பனைவெல்லமும் சேர்ப்பது வழக்கம். சுண்ணாம்புக் கலவை மெதுவாக இறுகும். இறுகிய பிறகும் சிமெண்டைப் போல விறைத்துப் போகாது, சிறிய அசைவுகளுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன் மேல் தட்டோடு பதித்த பழைய வீடுகளில் இன்றும் பல மாடிகள் நல்ல நிலையில் இருப்பதற்கு இந்த நெகிழ்வும் ஒரு காரணம்.

சுட்ட ஓடுகளைத் தரையில் பதிப்பது உலகில் புதிதன்று. இராசத்தான் மாநிலத்தின் காலிபங்கன் என்னும் சிந்துவெளி நாகரிக ஊரில், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் வரைந்த ஓடுகள் பதித்த தரை அகழாய்வில் கிடைத்திருக்கிறது. தென்னிந்தியாவில் எந்திரத்தால் ஓடு செய்யும் தொழில் 1865ஆம் ஆண்டு மங்களூரில் தொடங்கியது. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் அங்கே தொழிற்சாலை அமைத்தார். கூரை ஓட்டுக்குப் பெயர் பெற்ற மங்களூரிலிருந்து செந்நிறத் தரை ஓடுகளும் வந்தன. இவை எல்லாம் நீரை நன்றாக உறிஞ்சும் ஓடுகள். இந்தப் பண்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது.

சிமெண்ட் வந்தது

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது. கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்ட அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் குசராத்தின் போர்பந்தரில்தான் தொடர்ச்சியான உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகு சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் மெல்ல மெல்லப் பிடித்தது.

சிமெண்டோடு செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஓடும் வளர்ந்தது. ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஓடுகளையும் பளிங்கையும் கப்பலில் வரவழைத்த அதே வட்டாரத்தில், உள்ளூர் மணலைக் கொண்டு கையால் செய்யப்பட்ட ஓடு இது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுவார்கள். அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, பின்பு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு சில நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளைக்கு வேலையே இல்லை. கண்ணாடியைத் தொட்ட பக்கம் வழவழப்பாகவும், அடிப்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். அந்த அடிப்பக்கம் கலவையை விடாமல் பற்றிக்கொள்ளும். நடக்க நடக்க மேற்பரப்பு மெருகேறும்.

அடுத்து வந்தவை சிவப்புச் சிமெண்ட் தரையும் மொசைக் தரையும். எங்கள் தலைமுறை பிறந்து வளர்ந்தது இந்தத் தரைகளில்தான். சிவப்புச் சிமெண்ட் தரையில் ஈரம் காய்வதற்குள் நூல் பிடித்துக் கட்டம் கட்டமாகக் கோடு கிழிப்பார்கள். மொசைக் தரையில் சலவைக்கல் துணுக்குகளைக் கொட்டுவதற்கு முன்பு கண்ணாடிப் பட்டைகளை நிறுத்திக் கட்டம் பிரிப்பார்கள். அழகுக்காகச் செய்தார்கள் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். அழகு பாதிதான். சிமெண்ட் காயும்போது சுருங்கும். பெரிய பரப்பு ஒரே துண்டாக இருந்தால் கண்டபடி வெடிக்கும். கட்டம் பிரித்துவிட்டால் வெடிப்பு அந்தக் கோட்டோடு நின்றுவிடும். தரைக்கு அசைய இடம் வேண்டும் என்பதை அன்றைய கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள்.

பீங்கான் ஓடும் வெட்ரிஃபைட் ஓடும்

இன்றைய தொழிற்சாலை ஓட்டின் தொடக்கம் 1840இல் இருக்கிறது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் ரிச்சர்ட் புரோசர், ஏறத்தாழ உலர்ந்த களிமண் தூளை அச்சில் அழுத்திப் பொருள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் பொத்தான் செய்வதற்கான முறை அது. ஹெர்பர்ட் மிண்டன் அதை ஓடு செய்யப் பயன்படுத்தினார். ஈரக் களிமண்ணைவிடத் தூள் குறைவாகச் சுருங்குவதால் ஓடுகள் ஒரே அளவில் கிடைத்தன.

இந்தியாவில் பீங்கான் ஓடு பல ஆண்டுகள் குளியலறைச் சுவரோடு நின்றிருந்தது. 1980களுக்குப் பிறகு அது கூடத்துத் தரைக்கு வந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து வெட்ரிஃபைட் ஓடு பரவியது. குசராத்தின் மோர்பி நகரைச் சுற்றியுள்ள ஆலைகள் இன்று நாட்டின் ஓட்டு உற்பத்தியில் பெரும்பங்கைச் செய்கின்றன. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றின் தூளைப் பெரும் விசையுடன் அழுத்தி, ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் சுடும்போது துகள்கள் உருகி ஒன்றோடொன்று இணைகின்றன. நுண்துளைகள் அடைபட்டு, ஓடு ஏறக்குறையக் கண்ணாடியைப் போலாகிவிடுகிறது.

இதை எண்களில் பார்ப்போம். இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீர் உறிஞ்சலாம். அதாவது 3 கிலோ செங்கல் அரை லிட்டருக்கும் மேல் குடிக்கக்கூடும். சுவரில் பதிக்கும் பளபளப்பு ஓடு பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சும். வெட்ரிஃபைட் ஓடு உறிஞ்சுவது 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. இரண்டடிக்கு இரண்டடி ஓடு ஒன்று ஏழரைக் கிலோ இருந்தால், அது குடிக்கும் தண்ணீர் இரண்டரை மேசைக்கரண்டியைத் தாண்டாது.

கறை படியாது, துடைப்பது எளிது, கீறல் விழாது என்று நாம் பாராட்டும் குணங்கள் எல்லாம் இந்த நீர் புகாத தன்மையிலிருந்து வந்தவை. ஓடு பெயர்வதற்கான முதல் காரணமும் இதுவே.

முதல் காரணம்: பிடிப்பு

சிமெண்ட் பசை போல ஒட்டுவதில்லை. சிமெண்ட் கரைந்த நீர் ஓட்டின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கே ஊசி ஊசியாகப் படிகமாகி, கொக்கி போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. ஆத்தங்குடி ஓடும் தட்டோடும் இப்படித்தான் நிற்கின்றன. துளையே இல்லாத ஓட்டில் கொக்கி போட இடம் ஏது?

ஓடு மாறிவிட்டது. பதிக்கும் முறை பல இடங்களில் மாறவில்லை. தரையில் மணல் சிமெண்ட் கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, ஓட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவது நெடுநாளைய வழக்கம். துளையுள்ள ஓட்டுக்கு இது பொருத்தமான முறை. வெட்ரிஃபைட் ஓட்டின் அடியில் அந்தப் பால் காய்ந்து ஒரு மெல்லிய ஏடாக நின்றுவிடுகிறது. பெயர்ந்த ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். கலவை முழுவதும் தரையிலேயே தங்கியிருக்கும். எங்கள் கூடத்திலும் அப்படித்தான் இருந்தது.

வேறு சில காரணங்களும் இதோடு சேரும். சூளையின் உருளைகளில் ஒட்டாமலிருக்க ஓட்டின் அடியில் பூசிய வெள்ளைப் பூச்சைத் துடைக்காமல் பதிப்பது ஒன்று. வெயிலில் பாலை ஊற்றிவிட்டு, அது காய்ந்த பிறகு ஓட்டை வைப்பது மற்றொன்று. மணலில் களிமண் தூசு அதிகமாக இருப்பதும், தரைத்தளத்தில் நிரப்பிய மண்ணைச் சரியாக இடிக்காமல் விடுவதும் உண்டு. அந்த மண் நாளடைவில் இறங்கினால் மேலே உள்ள ஓடு அந்தரத்தில் நிற்கும்.

நீர் உறிஞ்சாத ஓட்டுக்கென்று தனி ஒட்டுக்கலவைகள் வந்து பல காலம் ஆகிறது. 1956இல் அமெரிக்காவில் ஹென்றி ரோத்பெர்க் தொடங்கிய நிறுவனம், சிமெண்டுடன் ரப்பர்ப்பால் போன்ற பொருளைச் சேர்த்து மெல்லிய அடுக்கில் ஓடு ஒட்டும் முறையைப் பரப்பியது. இத்தகைய கலவை துளையில்லாத பரப்பிலும் ஒட்டும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஓடு ஒட்டும் பசைகளுக்கென்று ஐ.எஸ். 15477 என்ற தரத்தை 2004இல் வெளியிட்டது. கடைக்காரர்கள் இதை 'டைல்ஸ் கம்' என்கிறார்கள். விலை அதிகம் என்று முதலில் வெட்டுப்படும் செலவும் இதுதான்.

இரண்டாம் காரணம்: இடைவெளி

பிடிப்பு குறைந்த ஓடு ஆடலாம், காலியான ஒலி தரலாம். ஆனால் வெடித்து எழும்புவது ஏன்? யாரோ கீழிருந்து தள்ளியதுபோல் அது எழும்புகிறதே!

கீழிருந்து யாரும் தள்ளவில்லை. பக்கங்களிலிருந்து நெருக்குகிறார்கள். கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். அந்தச் சுருக்கம் மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அது ஒரே நாளில் முடிவதில்லை, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெதுவாக நடக்கும். ஓடோ சுருங்குவதில்லை. சுட்ட மண் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று மிக மெதுவாகப் பெருக்கவும் செய்யும். வெட்ரிஃபைட் ஓட்டில் இது மிகக் குறைவு, துளையுள்ள ஓட்டில் சற்று அதிகம். சுட்ட மண் பல நூறு ஆண்டுகள் இப்படி ஈரத்தை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரத்தை எடைபோட்டுப் பழைய செங்கல்லின் வயதைக் கணிக்கும் முறையொன்றை மொய்ரா வில்சன் தலைமையிலான பிரித்தானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

ஆக, கீழே உள்ள தளம் குறுகுகிறது, மேலே உள்ள ஓடு குறுக மறுக்கிறது. சுவருக்குச் சுவர் இடைவெளியின்றிப் பதித்திருந்தால், ஓடுகள் ஒன்றையொன்று நெருக்கும். இங்கே பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடலாம்.

ஐந்து மீட்டர் நீளமுள்ள கூடத்தில் தளம் வெறும் அரை மில்லிமீட்டர் சுருங்கியது என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். அந்த நெருக்கடி முழுவதும், பிடிப்பு விட்டுப்போன இரண்டு ஓடுகளின் மேல் விழுகிறது. ஒவ்வோர் ஓடும் 600 மில்லிமீட்டர் நீளம். இரண்டும் சேர்ந்து 1200. அவற்றுக்குக் கிடைக்கும் இடமோ 1199.5. ஓடுகள் கூரைபோல் எழும்பினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் உருவாகும். ஒவ்வொன்றிலும் கர்ணம் 600, அடிப்பக்கம் 599.75. பிதாகரசு தேற்றப்படி உயரத்தின் வர்க்கம், 600இன் வர்க்கத்திலிருந்து 599.75இன் வர்க்கத்தைக் கழித்தால் வரும். விடை ஏறத்தாழ 300. அதன் வர்க்கமூலம் 17.3.

அரை மில்லிமீட்டர் இடம் குறைந்ததற்கு ஓடு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் எழும்புகிறது. முப்பது ஆண்டுகள் பலகையில் இந்தத் தேற்றத்தை எழுதியிருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில் அது எழுந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வெயிலால்தான் ஓடு வெடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். வெயில் நேராக விழும் இடங்களில் ஓடு சட்டென்று விரிவது உண்மையே. ஆனால் குளிரும் இதைச் செய்யும். வெப்பம் குறையும்போது கான்கிரீட் பொதுவாக ஓட்டைவிட அதிகமாகச் சுருங்கும். 2018 சனவரியில் சிங்கப்பூரில் வழக்கத்துக்கு மாறான குளிர் நிலவியது. வெப்பநிலை 22 பாகையை ஒட்டி இறங்கிய அந்த நாட்களில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை ஓடுகள் வெடித்து எழும்பியதாகச் செய்திகள் வந்தன. எங்கள் வீட்டில் மார்கழி விடியற்காலையில் வெடித்ததன் பொருளும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பல ஆண்டுகள் சேர்ந்த நெருக்கத்தின் மேல் அந்தக் குளிர் கடைசிப் பிடியைப் போட்டிருக்கிறது.

ஓட்டின் அளவு பெருகியதும் ஒரு காரணம். ஓரடி ஓடு பதித்த ஐந்து மீட்டர் கூடத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கும். இரண்டடி ஓட்டில் ஏழெட்டு. நான்கடி ஓட்டில் மூன்று நான்குதான். இணைப்பு குறையக் குறைய, அசைவைத் தாங்கும் இடமும் குறைகிறது. கோடு தெரியாத தரையே அழகு என்ற விருப்பம் அதையும் மூடிவிட்டது. மொசைக் காலத்துக் கண்ணாடிப் பட்டையின் பாடத்தை நாம் மறந்துவிட்டோம்.

கவனிக்க வேண்டியவை

வீடு கட்டுபவர்கள் சிலவற்றைக் கேட்டுச் செய்யலாம். புதிய தளம் போட்டவுடன் ஓடு பதிக்க அவசரப்படக்கூடாது. 28 நாளாவது போகட்டும். அதற்கு மேல் எத்தனை நாள் காய்ந்தாலும் நல்லதே. வெட்ரிஃபைட் ஓடு என்றால் ஒட்டுக்கலவையைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். பல் வைத்த கரணையால் அதை ஓட்டின் அளவு முழுவதும் பரப்ப வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைப்பது போதாது. வேலை நடக்கும்போதே பதித்த ஓடு ஒன்றை உடனே தூக்கிப் பார்க்கச் சொல்லலாம். அடிப்பக்கம் முழுவதும் கலவை ஒட்டியிருந்தால் வேலை சரி.

ஓடுகளுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுவரோரம் ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டு, அதைச் சிமெண்டால் அடைக்காமல் இருப்பது. ஸ்கர்ட்டிங் ஓடு அந்த இடைவெளியை மறைத்துவிடும். யார் கண்ணுக்கும் தெரியாது. பெரிய கூடங்களில் நடுவிலும் நெகிழ்வான பொருள் நிரப்பிய இணைப்பு ஒன்று தேவை.

ஏற்கெனவே ஓடு எழும்பிவிட்டால், அந்த இரண்டை மட்டும் எடுத்துப் பழைய முறையிலேயே ஒட்டுவதில் பயனில்லை. சுற்றியுள்ள ஓடுகளை நாணயத்தால் தட்டிப் பார்த்துக் காலியான ஒலி தருபவற்றையும் எடுக்க வேண்டும். சுவரோரம் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உடைந்த செங்கல், தட்டோடு, சுவர் ஓடு, வெட்ரிஃபைட் ஓடு ஆகியவற்றின் துண்டுகளை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, துடைத்து, மீண்டும் எடை போடுங்கள். இரு எடைகளின் வேறுபாட்டை முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால், ஒவ்வொன்றும் உறிஞ்சிய நீரின் விழுக்காடு கிடைக்கும். இந்தக் கட்டுரையின் பாதி அந்த அட்டவணையில் வந்துவிடும்.

எங்கள் கூடத்தைத் திரும்பப் போட வேண்டி வந்தபோது அதே மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். கணக்கையெல்லாம் சொல்லி, சுவரோரம் இடைவெளி விட்டிருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விடுறேன்னு அன்னைக்கே சொன்னேன் டீச்சர். சந்துல எறும்பு வரும், அடைச்சிருங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒட்டுக்கலவை வாங்கும் செலவை வேண்டாம் என்று வெட்டியதும் நாங்கள்தான். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொன்ன இரண்டு வீடுகளுக்கும் மறுநாளே பேசினேன். ஒரு வீட்டில் வேலை ஏற்கெனவே வேறொருவர் கைக்குப் போய்விட்டிருந்தது. எங்கள் கூடத்தை அவரே திரும்பப் போட்டார். இப்போது ஓடுகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிகின்றன. சுவரோரத்தில் எறும்பும் எப்போதாவது வருகிறது.